அடுக்களைக் கேள்விகள்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்குமேல் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீனும்தான். குமரி மாவட்டத்து அடுக்களையில் வேறெது முதலில் வரும்! ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

மரச்சீனியைக் குக்கரில் போட்டு மூன்று விசில் விட்டு எடுத்தேன். லேசாகக் கசந்தது. சாப்பிட்ட மகனுக்கு ஒரு மணி நேரத்தில் தலை சுற்றி வாந்தி வந்தது. கிழங்குக்கு ஏதும் மருந்து அடித்திருப்பார்களோ? — தக்கலை வாசகி

மருந்தைச் சந்தேகிப்பதற்கு முன் குக்கரைச் சந்தேகியுங்கள். அந்தக் கசப்பு பெரும்பாலும் கிழங்கின் சொந்தச் சரக்கு. மரச்சீனியில் லினமாரின் என்றொரு பொருள் இருக்கிறது. சதையைவிடத் தோலில் அதிகம். கிழங்கை வெட்டும்போது அதிலேயே இருக்கும் ஒரு நொதி லினமாரினோடு கலந்து சயனைடைப் பிரித்துவிடும். மரச்சீனி இலையைத் தின்ற ஆடு சுருண்டு விழுவதும் இதனால்தான்.

பயப்பட வேண்டாம், வழி எளிது. பிரிந்த சயனைடு 26 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். பிரியாத லினமாரின் தண்ணீரில் கரையும். ஆக, தண்ணீர் நிறைய வேண்டும், பாத்திரம் திறந்திருக்க வேண்டும், அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். குக்கரில் இந்த மூன்றும் நடப்பதில்லை. மூடிய பாத்திரம், ஒரு டம்ளர் தண்ணீர், அதையும் கிழங்கோடு சேர்த்தே மசித்துவிடுகிறோம்.

ஒரு கிலோ கிழங்கு என்றால் இப்படிச் செய்யுங்கள். மேலே இருக்கும் பழுப்புத் தொலியோடு, அடியில் இருக்கும் கனத்த வெள்ளை அல்லது இளஞ்சிவப்புத் தொலியையும் சேர்த்து உரியுங்கள். கத்தியால் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு நெம்பினால் இரண்டும் ஒன்றாகக் கழன்று வரும். நடுவில் ஓடும் நாரை எடுத்துவிட்டு இரண்டு விரல் கனத்துக்குள் துண்டு போடுங்கள். பெரிய துண்டாகப் போட்டால் உள்ளே இருப்பது வெளியே வராது. பச்சைத் தண்ணீரில் போட்டு, கிழங்குக்கு மேல் நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி வைத்து அடுப்பேற்றுங்கள். கொதிக்கிற தண்ணீரில் நேரடியாகப் போட்டால் அந்த நொதி உடனே செத்துவிடும். சயனைடு பிரிந்து பறக்க நேரம் கிடைக்காது. கொதி வந்து பத்து நிமிடம் கழித்து அந்தத் தண்ணீரை முழுவதும் வடித்துக் கொட்டுங்கள். புதுத் தண்ணீர், உப்பு, கால் ஸ்பூன் மஞ்சள்தூள் போட்டு மறுபடி வேகவைத்தால், நல்ல கிழங்கு கால் மணி நேரத்தில் பூப்போல விரியும். இதையும் வடித்துவிட்டுத்தான் தேங்காய் அரைப்பைப் போட வேண்டும். அரைப்புக்கு அரை மூடித் தேங்காய், நாலு பச்சைமிளகாய், அரை ஸ்பூன் சீரகம், ஐந்து உள்ளி (சின்ன வெங்காயம்), இரண்டு பல் பூண்டு. எல்லாவற்றையும் ஒன்றிரண்டாகச் சதைத்தால் போதும், மைபோல அரைத்தால் கிழங்கு பசையாகிவிடும்.

இரண்டாவது தண்ணீரில் வெந்த பிறகும் கசந்தால் அந்தக் கிழங்கைத் தூரப் போடுங்கள், காசு போனால் போகட்டும். நல்ல வறட்சியில் நின்ற செடியின் கிழங்கில் இந்தச் சரக்கு கூடுதலாக இருக்கும். பிடுங்கி இரண்டு மூன்று நாள் ஆன கிழங்கை வெட்டினால் உள்ளே கருநீலக் கோடு ஓடியிருக்கும்; அதையும் வாங்க வேண்டாம். மறுபடி யாருக்காவது தலைசுற்றல், வாந்தி வந்தால் சுக்குத் தண்ணி கொடுத்துப் பார்த்துக்கொண்டிராமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், மரச்சீனி சாப்பிட்டதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

அதே மரச்சீனியைச் சர்க்கரை உள்ள அப்பா காலையும் ராத்திரியும் கேட்கிறார். கொடுக்கலாமா? — அருமனை வாசகர்

சோற்றுக்குப் பதிலாக என்றால் ஒரு நேரம் கொடுக்கலாம். சோற்றோடு கூட என்றால் வேண்டாம். நூறு கிராம் பச்சைக் கிழங்கில் மாவுச்சத்து ஏறத்தாழ 38 கிராம், புரதம் ஒன்றரை கிராம்கூடத் தேறாது. விசாகம் திருநாள் மகாராஜா 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்டபோது இந்தக் கிழங்கைப் பயிரிடச் சொல்லி ஊக்குவித்தது, நெல்லுக்குப் பஞ்சம் வந்தால் வயிறு நிறையட்டும் என்றுதான். வயிறு நிறையும், அவ்வளவே. புரதத்துக்கு மீன்கறி பக்கத்தில் இருக்க வேண்டும். மீனில் உள்ள கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள், உடம்புக்குள் மிச்சம் போன சயனைடை முறிக்கவும் உதவும். மரச்சீனியும் சாளை (மத்தி) மீன்கறியும் என்று ஜோடி சேர்த்தவர்களுக்கு ரசாயனம் தெரியாது, ஆனால் சேர்த்தது சரியான ஜோடி. அப்பாவுக்கு ஒரு கைப்பிடித் துண்டு, அதற்கு மேல் மீனும் ஒரு தோரனும் என்று தட்டை மாற்றி, இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சாளை மீன் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகமெல்லாம் சிவந்து, அரித்து, தலைவலியும் வந்தது. முந்தின வாரம் அதே சாளை சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை. இனி சாளையே ஆகாதா? ஒமேகா சத்து நிறைய உண்டு என்கிறார்களே. — குளச்சல் வாசகி

முந்தின வாரம் ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் முக்கியம். ஒவ்வாமையாக இருந்தால் எந்தச் சாளைக்கும் வர வேண்டும். உங்களுக்கு வந்தது பெரும்பாலும் ஹிஸ்டமின் கோளாறு. சாளை, அயிலை, சூரை மூன்றின் சதையிலும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றும். ஒருமுறை உண்டாகிவிட்டால் கொதிக்கவைத்தாலும், பொரித்தாலும், உறையவைத்தாலும் போகாது. நாற்றம் வரும் முன்பே சேர்ந்துவிடும் என்பதால் மூக்கை மட்டும் நம்ப முடியாது. வாயில் வைத்ததும் நல்லமிளகு கடித்ததுபோல நாக்கில் சுருசுருவென்று இருந்தால் துப்பிவிடுங்கள்.

வாங்கும்போது கண் துருத்திக்கொண்டு தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா, வயிறு உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். பலர் விட்டுவிடுவது வாங்கிய பிறகு உள்ள இரண்டு மணி நேரத்தை. காலையில் சந்தையில் வாங்கி, பஸ்ஸில் கொண்டுவந்து, பதினொரு மணிக்கு முறிக்க உட்கார்ந்தால் அதற்குள் மீன் வெந்நீர்ப் பதத்துக்கு வந்திருக்கும். கையோடு ஒரு பாத்திரமும் ஐஸும் கொண்டு போங்கள்; மீன் எடைக்கு எடை ஐஸ் என்பது கணக்கு. வந்ததும் குடலையும் செவுளையும் எடுத்துக் கழுவி ஃபிரிட்ஜில் வையுங்கள், அன்றே சமையுங்கள்.

தடைக்காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கன்னியாகுமரி, சின்னமுட்டம் பக்கம் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த நாட்களில் வள்ளத்து (நாட்டுப்படகு) மீன் கிடைத்தால் நல்லது. வெளியூர் மீன் பல கை மாறி வந்திருக்கும். நடுவில் எங்கே ஐஸ் உருகியது என்று விற்கிறவருக்கும் தெரியாது. இனி எப்போதாவது மூச்சுத் திணறினாலோ, நல்ல பச்சை மீனுக்கும் அரிப்பு வந்தாலோ மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

சத்துக்காகச் சாப்பிடுகிறீர்கள் என்றால் பொரிப்பதைக் குறைத்துக் குழம்பு வையுங்கள். பொரிக்கும்போது மீனின் எண்ணெய் சட்டிக்குப் போகும், சட்டியின் எண்ணெய் மீனுக்கு வரும். குழம்பில் இறங்கியது குழம்பிலேயே இருக்கும். அரைக்கிலோ சாளைக்கு அரை மூடித் தேங்காய், ஆறு வத்தல், ஒன்றரை மேசைக்கரண்டி மல்லி, அரை ஸ்பூன் நல்லமிளகு, கால் ஸ்பூன் மஞ்சள், ஆறு உள்ளி எல்லாம் வெண்ணெய்போல அரைத்து, நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றி, முருங்கைக்காயும் புளிப்பு மாங்காயும் போட்டுக் கொதிக்கவிடுங்கள். காய் வெந்து, அரைப்பின் பச்சை வாடை போன பிறகுதான் மீன். பிறகு ஏழெட்டு நிமிடம் போதும். அகப்பை போடாதீர்கள், சாளை உடைந்துவிடும். சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று. சின்னச் சாளையும் நெத்தோலியும் முள்ளோடு மென்று தின்றால்தான் கால்சியம் கிடைக்கும். முள்ளைத் தள்ளிவிட்டுக் கால்சியத்துக்கு மீன் தின்கிறேன் என்பதில் பொருளில்லை.

தேங்காய் எண்ணெய் நல்லதா, கெட்டதா? ஒரே வரியில் சொல்லுங்கள். — ஈத்தாமொழி வாசகர்

தேங்காய்க்குப் பேர்போன ஈத்தாமொழிக்காரரிடம் ஒரே வரியில் சொல்லித் தப்ப முடியுமா? அதில் ஏறத்தாழ தொண்ணூறு சதவீதம் நிறைகொழுப்பு, கெட்ட கொழுப்பான எல்டிஎல்லைக் கூட்டும் தன்மை உண்டு. எனவே மணத்துக்கு ஊற்றுங்கள், பொரிப்பதற்கு ஊற்றாதீர்கள். இறக்கும்போது ஒரு ஸ்பூன் பச்சையாக விட்டால் கிடைக்கும் வாசனை, தாளிப்பில் மூன்று ஸ்பூன் ஊற்றினாலும் கிடைக்காது. நாலு பேர் உள்ள வீட்டில் எல்லா எண்ணெயும் சேர்த்து மாதம் இரண்டு லிட்டரைத் தாண்டாமல் பாருங்கள். தேங்காய்க்கு வேறு கணக்கு. திருகிய பூவில் நார்ச்சத்தும் உண்டு.

மகள் பெரியவளாகியிருக்கிறாள். உளுந்தங்களி கிண்டினால் ஒருநாள் கட்டி தட்டுகிறது, ஒருநாள் கையில் பசைபோல ஒட்டுகிறது. சரியான அளவு சொல்லுங்கள். எங்க அம்மை இருந்திருந்தால் உங்களைக் கேட்டிருக்க மாட்டேன். — பூதப்பாண்டி வாசகி

அம்மைமாருக்குக் கையே அளவு. நாம் கப்பை வைத்துக்கொள்வோம். தோலுள்ள கறுப்பு உளுந்து ஒரு கப், பச்சரிசி கால் கப். இரண்டையும் தனித்தனியே சிறு தீயில் வறுக்க வேண்டும். உளுந்து எட்டுப் பத்து நிமிடத்தில் மணக்கும், அங்கேயே நிறுத்துங்கள். தோல் கறுப்பாக இருப்பதால் கரிந்தது கண்ணுக்குத் தெரியாது. ஒன்றை உடைத்து உள்பருப்பைப் பாருங்கள், இளம் பொன்னிறத்தைத் தாண்டியிருந்தால் களி கசக்கும். வறுத்தது போதாமல் போனாலோ பச்சை வாடை அடிக்கும், எவ்வளவு சுக்கு போட்டாலும் மறையாது. அரிசி லேசாகப் பொரிந்தால் போதும். ஆறவைத்து நைசாகத் திரித்துச் சலித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கப் மாவுக்கு நுணுக்கிய கருப்பட்டி ஒரு கப், தண்ணீர் மொத்தம் இரண்டரைக் கப், நல்லெண்ணெய் கால் கப்புக்குக் கொஞ்சம் மேல். ஒன்றரைக் கப் தண்ணீரில் கருப்பட்டியைக் கரைத்துக் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். எவ்வளவு நல்ல கருப்பட்டியிலும் அடியில் மணல் நிற்கும். மீதி ஒரு கப் பச்சைத் தண்ணீரில் மாவைக் கரைத்துக்கொள்ளுங்கள். கட்டி தட்டுவதன் ரகசியம் இங்கேதான். கொதிக்கிற பாகில் காய்ந்த மாவைக் கொட்டினால், உருண்டையின் வெளிப்பக்கம் உடனே வெந்து தோல்போல மூடிக்கொள்ளும்; உள்ளே மாவு காய்ந்தே கிடக்கும். எவ்வளவு மசித்தாலும் உடையாது. கரைத்த மாவைப் பாகில் நூல்போல விட்டு, மறுகையால் நிறுத்தாமல் கிண்டுங்கள்.

பிறகு தீயைக் குறைத்து, எண்ணெயை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டுக் கிண்ட வேண்டும். ஐந்தாவது நிமிடத்திலேயே கெட்டிப்பட்டுவிடும், அதைப் பார்த்து இறக்குவதால்தான் கையில் ஒட்டுகிறது. கெட்டியாவது வேறு, வேவது வேறு. பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிடம் ஆனால், களி சட்டியைவிட்டுச் சுருண்டு எழும்பும், ஓரத்தில் எண்ணெய் மினுங்கும். விரலைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அரை ஸ்பூன் சுக்குத்தூளும் ஏலக்காயும் போட்டு இறக்கலாம்.

இடுப்பெலும்புக்கு இதைவிட்டால் ஆளில்லை என்று சொல்வார்கள். உளுந்தில் நூறு கிராமுக்கு 24 கிராம் அளவில் புரதம் உண்டு, ஃபோலேட் உண்டு; வளரும் பிள்ளைக்கு நல்ல உணவுதான். ஆனால் கருப்பட்டியும் சர்க்கரையே என்பதை மறந்து காலையும் மாலையும் உருட்டிக் கொடுக்க வேண்டாம். நாளுக்கு ஓர் எலுமிச்சை அளவு உருண்டை இரண்டு போதும். கூடவே முட்டை, மீன், கீரை, பால் எல்லாம் தட்டில் இருக்கட்டும்.

ரத்தம் குறைவு என்று தினமும் முருங்கைக்கீரை சாப்பிடுகிறேன், மாத்திரையை நிறுத்திவிட்டேன். மூன்று மாதமாகியும் ஏறவில்லை. கீரையும் கசக்கிறது. — கருங்கல் வாசகி

மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்? மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது, இன்றைக்கே கேட்டு மறுபடி தொடங்குங்கள். கீரையில் உள்ள இரும்பை உடம்பு கொஞ்சமாகத்தான் எடுக்கும். புளிப்பான வைட்டமின் சி சேர்ந்தால் அந்த அளவு கூடும், காபியும் சாயாவும் சேர்ந்தால் குறையும். சாப்பிட்டுக் கை கழுவும் முன் சாயாக் குடிப்பது நம்மூர்ப் பழக்கம். அதை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். கீரை உள்ள அன்று தட்டில் ஒரு நெல்லிக்காய்த் துண்டோ, எலுமிச்சையோ, பச்சை மாங்காய்ச் சம்மந்தியோ இருக்கட்டும். மீனும் கறியும் சாப்பிடுகிறவர் என்றால் கீரையோடு கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள், கீரையின் இரும்பும் கூடுதலாக ஏறும்.

கசப்புக்குக் காரணம் காம்பும் மூடியும். இலையை மட்டும் உருவி, ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, உள்ளி தாளித்து, கீரையைப் போட்டு மூடாமல் நாலைந்து நிமிடம் புரட்டுங்கள். கால் மூடித் தேங்காயை மிளகாய், சீரகத்தோடு சதைத்துப் போட்டு உடனே இறக்கிவிடுங்கள். நிறம் கரும்பச்சைக்குப் போய்விட்டால் கசப்பு வந்துவிட்டதென்று அர்த்தம்.

அவியல் எப்போதும் தண்ணீர் விட்டுக்கொள்கிறது; சேனை மட்டும் வேகாமல் நிற்கிறது. — தோவாளை வாசகர்

இரண்டுக்கும் காரணம் அவசரம். மாங்காயை முதலிலேயே போடுகிறீர்கள் என்று நினைக்கிறோம். புளிப்பு பட்டால் காய் இறுகும், சேனை பிறகு எளிதில் வேகாது. உப்பை முதலில் போட்டால் தடியங்காயும் (வெள்ளைப்பூசணி) வெள்ளரிக்காயும் உள்ளிருக்கும் நீரையெல்லாம் கக்கிவிடும். அதற்கு மேல் நாமும் ஒரு டம்ளர் ஊற்றினால் அவியல் குழம்பாகாமல் என்ன செய்யும்!

முக்கால் கிலோ காய்க்குக் கால் டம்ளர் தண்ணீர் போதும். எல்லாம் விரல் நீளத்துக்கு ஒரே கனமாக நறுக்குங்கள். கனமான உருளியில் அடியில் சேனையும் வாழைக்காயும், மஞ்சள்தூளும். மூடி ஏழு நிமிடம். அதன்மேல் முருங்கைக்காய், சீனியவரை, ஐந்து நிமிடம். கடைசியில் கத்தரிக்காய், தடியங்காய், வெள்ளரிக்காய். இவை பாதி வெந்ததும் உப்பும் மாங்காயும். அரைப்புக்கு ஒன்றரைக் கப் தேங்காய்ப்பூ, ஐந்து பச்சைமிளகாய், ஒரு ஸ்பூன் சீரகம், நாலு உள்ளி. தண்ணீர் தெளித்துச் சதைத்தால் போதும். அரைப்பைக் காயின் மேல் குவித்து, மேலே இரண்டு நிமிடம் ஆவி ஏறவிட்டுப் பிறகு உருளியைக் குலுக்கிப் புரட்டுங்கள். மாங்காய் இல்லாமல் தயிர் சேர்ப்பதானால் அடுப்பை அணைத்த பிறகே. கொதியில் ஊற்றினால் திரிந்து அதுவும் தண்ணீர் விடும். கடைசியாகப் பச்சைத் தேங்காய் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, கறிவேப்பிலை, மூடி.

சேனை நறுக்கக் கை அரித்தால் உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கழுவிய ஈரத்தோடு நறுக்கினால் அரிப்பு கூடும்.

ஏழு மாதக் குழந்தைக்கு ஏத்தங்காய்ப் (நேந்திரங்காய்) பொடி மட்டும் போதுமா? கருப்பட்டியோ தேனோ சேர்க்கலாமா? — குலசேகரம் வாசகி

மட்டும் போதாது, அது பெரும்பாலும் மாவுச்சத்துதான். ஒரு மேசைக்கரண்டிப் பொடியை ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் எட்டு நிமிடம் கிண்டிக் கூழாக்கினால் ஒரு நேரத்துக்கு ஆகும். இன்னொரு நேரம் அரிசியும் சிறுபயறும் குழைய வேகவைத்து மசித்துக் கொடுங்கள். வேகவைத்த முட்டை மஞ்சள்கருவும், முள் நீக்கிய மீனும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். தாய்ப்பால் தொடரட்டும். ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை, கருப்பட்டி எதுவும் வேண்டாம். தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகளைக் கைக்குழந்தையின் குடல் தாங்காது.

பொடியை வீட்டில் செய்தால் காயை மெல்லிசாகச் சீவி, ஒடித்தால் படக்கென்று ஒடியும் வரை வெயிலில் காயவையுங்கள். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி மழையில் இந்த வேலையை எடுக்காதீர்கள்.